மெலனி இருக்கும் ஊர்வரை சைக்கிளில்

தம்பி,

நீ தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன். இதை வாசித்து முடிக்க உனக்கு நேரம் எடுக்கும், எடுக்கட்டும். எனக்கும் எழுத நேரம் எடுத்தது. வலது மணிக்கட்டு குளிருக்கு இறுகிப்போகிறது. ஒரு பக்கம் எழுதினால் கையைச் சுடுதண்ணீரில் வைத்து எடுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் கோயிலில் கிறிஸ்மசுக்குப் போடுகிற நத்தார் மலருக்கு ஏதாவது தரச்சொல்லிக் கேட்டார்கள். வழக்கமாக நான் ஒரு சமையல் குறிப்பு கொடுப்பேன். இந்த முறை உனக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டபோது, "மெலனியைப் பற்றியும் எழுதுவியளோ அம்மா?" என்றாய். "ஓம், அவளைப் பற்றித்தான்" என்றேன். "அப்ப எழுதுங்கோ. ஆக்களுக்குத் தெரியட்டும்" என்றாய். அவளும் சம்மதித்துவிட்டாள். அடுத்த கிழமை நீ பிரான்சுக்குப் போய்விடுவாய். பில்லுண்ட் விமான நிலையத்தில் நான் ஒன்றும் கதைக்கமாட்டேன், உனக்கு என்னைத் தெரியும். சாப்பாட்டுப் பெட்டி கவிழாமல் பிடி என்றுதான் சொல்லிக்கொண்டு நிற்பேன். அதனால் சொல்ல வேண்டியதை இதில் சொல்லிவிடுகிறேன்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக ஆரம்பத்திலிருந்தே சொல்ல வேண்டும். உனக்கும் மெலனிக்கும் போன வருடம் ஓல்போர்க்கில் அவர்களுடைய கோயிலில் நிச்சயம் செய்தோம். அவளுடைய தாய் தகப்பன் மன்னார் ஆட்கள், அமைதியான சனம். கடலுக்குள் நடுகிற காற்றாடிகளை வடிவமைக்கிற படிப்புப் படித்தவள் அவள். பிரான்சில் நான்த் என்ற நகரத்தில் அவளுக்கு நல்ல வேலை கிடைத்திருந்தது. உயிர்த்த ஞாயிறு முடிந்து கலியாணம், பிறகு கோடையில் இரண்டு பேரும் லுவார் ஆற்றங்கரை வழியே பழைய ஊர்களைப் பார்த்துக்கொண்டு சைக்கிளில் நான்த் வரை போவது, அங்கேயே குடித்தனம் தொடங்குவது என்பது உங்கள் திட்டம். தேன்நிலவுக்குச் சைக்கிளில் போகிறார்களாம் என்று நான் சிரித்தேன். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், வேறு எதில் போவார்கள்?

தை மாதத்தில் நான் விழுந்தேன். குப்பை போட வெளியே போனபோது, பனி உறைந்து கண்ணாடியாய்க் கிடந்த நிலத்தில் கால் வழுக்கி, கையை ஊன்றி, மணிக்கட்டு முறிந்தது. எழும்ப முடியாமல் கிடந்தேன். பக்கத்து வீட்டு கிர்ஸ்டன் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்ததால்தான் கண்டாள். கைக்கு மாவுக்கட்டுப் போட்டிருந்த காலம் முழுவதும் நீ ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து நேரே என்னிடம்தான் வந்தாய். எனக்குக் கோட்டுப் பொத்தான் பூட்டினாய், மரக்கறி வெட்டினாய், தலை பின்னத் தெரியாமல் ரப்பர் வளையத்தைப் போட்டு இழுத்துக் கட்டினாய். அப்பா இறந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் ஒரே வீட்டில் இருந்தது அப்போதுதான். எனக்கு அது பிடித்திருந்தது. அதை மறைக்கப்போவதில்லை.

தவக்காலத்தில் ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, "கலியாணம் நடக்காது அம்மா" என்றாய். "ஏன்?" என்று கேட்டதற்கு, "சரிவரேல்லை" என்றாய். அதற்கு மேல் உன் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. மெலனி தனியாக நான்துக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டோம். பிறகு சனம் கதைத்தது. பெரிய வேலை கிடைத்ததும் பெடியனை விட்டிட்டுப் போயிட்டாள் என்றார்கள். பூசை முடிந்து தேநீர் குடிக்கிற இடத்தில் என் காதுபடவே சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் அவர்களை மறித்து ஒன்றும் சொல்லவில்லை.

ஆனியில் நீ வந்து, "சைக்கிள் பயணம் ரெண்டு பேருக்குப் பதிஞ்சது அப்பிடியே கிடக்குது. நீங்கள் வாங்கோவன்" என்றாய். எனக்கு அந்த வயதுமில்லை, முழங்காலுமில்லை. முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி இறக்கியே தேய்ந்த உடம்பு இது. "பற்றரிச் சைக்கிள் எடுக்கலாம் அம்மா, அது தானாத் தள்ளும்" என்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தாய். மாட்டேன் என்றால் நீ தனியாகப் போவாய் அல்லது போகாமல் வீட்டுக்குள் கிடப்பாய். இரண்டும் வேண்டாம் என்றுதான் ஒத்துக்கொண்டேன். பிரான்சைப் பார்க்கிற ஆசையில் நான் வரவில்லை.

புளுவா என்ற ஊரில் சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். கடைக்காரர் எனக்குச் சீற்றைப் பதித்துவிட்டு, வரைபடத்தில் ஆறு வழியே விரலால் இழுத்துக்கொண்டு போய், நான்தில் கொண்டுபோய் விடவேண்டும் என்று காட்டினார். அந்தப் பெயரைக் கேட்டதும் நீ வேறு பக்கம் பார்த்தாய். அன்று தங்கிய சிறிய ஹோட்டலில் அறைக் கதவைத் திறந்தால் பெரிய கட்டில் ஒன்று, மேசையில் வைன் போத்தல், இரண்டு கிளாஸ், ஒரு கிண்ணத்தில் ரோசாப்பூ இதழ்கள். புதுத் தம்பதிக்கு என்று அவர்கள் ஆசையாக வைத்தது. சொல்லி மாற்ற நீ மறந்துபோயிருந்தாய். பின்னால் வந்த ஹோட்டல்காரப் பெண் என்னைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. நீ அந்தப் போத்தலைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்தாய். நிலத்தில் போர்வையை விரித்துப் படுத்துக்கொண்டாய். நான் அந்தப் பெரிய கட்டிலில் ஒரு ஓரத்தில் கிடந்தேன். சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை, தம்பி.

அந்த நாட்களை அழகாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அகலமான ஆறு, ஆழமில்லாமல், நடுவில் மணல் திட்டுகள். திட்டுகளில் ஒற்றைக் காலில் நிற்கிற கொக்குகள். வெள்ளைக் கல்லால் கட்டின வீடுகள், கறுத்த கூரைகள், ஒவ்வொரு ஊருக்கும் மேலே ஒரு மாளிகை. முதல் இரண்டைப் பார்த்தேன். அடுத்ததற்கு நீ உள்ளே போகச் சொன்னபோது, "நீ போய்ப் பார், நான் இதிலை இருக்கிறன்" என்று மரத்தடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். நீயும் போகவில்லை. அம்புவாஸில் கல் பாவின தெருவில் சைக்கிள் உதறி உதறி என் பல்லெல்லாம் ஆடியது. தூர் நகரத்தில் ஒரு கோயிலில் அப்பாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். நீ வாசலிலேயே நின்றாய். நாள் முழுக்க நாங்கள் கதைத்ததைச் சேர்த்தால் ஒரு கைக்குள் அடங்கும். "தண்ணி வேணுமோ அம்மா?" "வேண்டாம்." "கால் நோகுதோ?" "இல்லை." நோகாமல் எப்படி? இரவில் இரண்டு முழங்காலும் நெருப்பாய் எரிந்தது. ஆனால் நோகுது என்றால் நீ உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவாய் என்று தெரியும். நீ முன்னே போவாய், ஒவ்வொரு வளைவிலும் நின்று திரும்பிப் பார்ப்பாய். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. பெட்டியில் ஏற்றிய கண்ணாடிச் சாமானைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாய்.

சோமூர் என்ற ஊரில் மலையைக் குடைந்து வீடு கட்டியிருக்கிறார்கள். அந்தக் குகை ஒன்றுக்குள் இருந்த சாப்பாட்டுக் கடையில் காளான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ சொன்னாய், "நாங்கள் ஆன்ஜேயில நிப்பாட்டுவம். அங்கயும் சைக்கிளைத் திரும்ப எடுப்பினமாம். அங்கயிருந்து ரெயினில பாரிஸ்." நான் கேட்டேன், "நான்த் வரைக்கும் எண்டெல்லே அந்த மனுசன் காட்டினவர்?" நீ முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு டேனிஷ் மொழியில் ஏதோ சொன்னாய். கோபம் வந்தால் உனக்கு அந்த மொழிதான் வரும். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை என்று சொன்னாய். நானும் விட்டுவிட்டேன். எனக்கும் வீட்டுக்குப் போனால் போதும் என்றுதான் இருந்தது.

அடுத்த நாள்தான் அது நடந்தது. பாதை ஆற்று அணைக்கட்டின் மேலிருந்து கீழே சரிந்து, சிறுகற்கள் நிறைந்த வழியாக இறங்கியது. நான் பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டேன். முன் சில்லு வழுக்கி, சைக்கிளோடு இடது பக்கம் சரிந்து, காஞ்சோண்டிப் பற்றைக்குள் போய் விழுந்தேன். மெத்தென்று விழுந்ததால் அடி ஒன்றும் இல்லை. தோல்தான் பற்றி எரிந்தது. ஆனால் நீ உன் சைக்கிளை நடுப்பாதையில் எறிந்துவிட்டு ஓடிவந்தாய். வந்து என் வலது கையைத்தான் பிடித்தாய், அந்தப் பழைய முறிவை. "ஒண்டுமில்லையடா, கையை விடு" என்றேன். நீ விடவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதுகொண்டு, "இதுக்குத்தான் அம்மா. இதுக்குத்தான் நான் போகேல்லை" என்றாய்.

"எங்க போகேல்லை?"

"நான்துக்கு. அவளோட. நான்தான் அவளுக்குச் சொன்னனான், வரமாட்டன் எண்டு."

"அவள் உன்னை விட்டிட்டுப் போனவள் எண்டெல்லோ எல்லாரும் சொல்லுகினம்?"

"நான் ஒருத்தருக்கும் அப்பிடிச் சொல்லேல்லை அம்மா. ஆக்கள் தாங்களா நினைச்சவை. நான் பேசாம விட்டிட்டன்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் போ எண்டுவியள். பிறகு ஐஸுக்குள்ள தனிய விழுந்து கிடப்பியள். ஆருக்குத் தெரியும்?"

நான் எழும்பவில்லை. காஞ்சோண்டிப் பற்றைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சைக்கிளில் போன ஒரு கிழவனும் கிழவியும் நின்று பிரெஞ்சில் ஏதோ கேட்டார்கள், நீ கையை ஆட்டி அனுப்பினாய். எனக்கு உன்மேல் பாசம் பொங்கி வந்தது என்று சொன்னால் எல்லாருக்கும் வாசிக்க நன்றாக இருக்கும். அப்போது எனக்கு வந்தது களைப்பு, தம்பி. அவ்வளவு களைப்பு நான் இரட்டை முறை வேலை செய்த நாட்களிலும் அறிந்ததில்லை. நான் வேலை செய்த இல்லத்தில் ஒரு முதியவர் இருந்தார். அவருடைய மகன் ஒவ்வொரு நாளும் வருவார். மேற்சட்டையைக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் இருப்பார், மணி பார்ப்பார், போவார். ஒரு நாள் முதியவரைக் குளிப்பாட்டும்போது அவர் என்னிடம், மகன் வரும்போதெல்லாம் நான் நித்திரை மாதிரிக் கிடக்கிறேன், அவன் சீக்கிரம் வீட்டுக்குப் போகட்டும் என்று சொன்னார். நான் அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு ஆற்றங்கரையில்தான் எனக்கு அது விளங்கியது. இன்னொருவர் தன் வாழ்க்கையை நிறுத்தி வைத்திருப்பதற்குக் காரணமாக இருப்பதும் ஒரு பாரம்தான். உனக்கு அது பாரம் என்று நீ நினைத்திருப்பாய். எனக்கும் பாரம்.

"நான்த் இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"அம்மா, வேண்டாம்."

"நான் உன்னைக் கேட்டது தூரம்."

ஆன்ஜேயில் நாங்கள் சைக்கிளைக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்குச் சரியான கஷ்டம். கடல் பக்கமிருந்து எதிர்க்காற்று. வெயில் வேறு. ஒரு பின்னேரம் பாலம் ஒன்றுக்கு முன்னால் பற்றரி முடிந்துபோய், அந்தக் கனத்த சைக்கிளை நான் உருட்டிக்கொண்டு நடந்தேன். "ரெயினில போவம் அம்மா, காணும்" என்று நீ கெஞ்சினாய். "ரெயினில ஏறினா நான் வைலேக்கு, வீட்டுக்குத்தான் போவன். என்னை எனக்குத் தெரியும்" என்றேன். அது உண்மை. இருக்கை கண்ட இடத்தில் என் பிடிவாதம் கரைந்துபோயிருக்கும். உனக்காகத்தான் அவ்வளவு தூரம் மிதித்தேன் என்று பெருமையாக நினைத்துவிடாதே. அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய், உன் முகத்தை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு, இவன் என்னால்தான் இப்படி இருக்கிறான் என்று தெரிந்தபடி சோறு போட என்னால் ஏலாது. அதற்குச் சைக்கிள் மிதிப்பது லேசு.

நான்தில் மாளிகை அகழிக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் என்னை இருத்திவிட்டு நீ அவளுக்கு அழைத்தாய். வரமாட்டாள் என்று நீ சொன்னாய். வந்தாள். வேலையிலிருந்து நேரே, தலைக்கவசத்தோடு, சைக்கிளில். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அன்ரி? நீங்களும் சைக்கிளிலையோ வந்தனீங்கள்? புளுவாவில இருந்தோ?"

"ஓம் பிள்ளை. என்ரை காலைப் பார்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. என் பக்கத்தில் வந்து இருந்து என் கையைப் பிடித்தாள். நான் அவளிடம், "சனம் உன்னைப் பற்றிக் கதைச்சது. நானும் கேட்டுக்கொண்டிருந்தனான். அது பிழை" என்றேன். அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தன் தாய்க்குத்தான் அந்தக் கதைகள் கூடுதல் நோவு தந்தன என்றாள். பிறகு உன்னைப் பார்க்காமல், என்னைப் பார்த்து, ஆனால் உனக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"அன்ரி, இவர் உங்களைப் பாக்க வேணும் எண்டு நினைச்சது எனக்குக் கோவமே இல்லை. எனக்கு விருப்பமான குணம்தான் அது. ஆனா இவர் என்னட்டைக் கேக்கேல்லை. நான் ஓல்போர்க்கில வேலை தேடியிருப்பனோ, ஒரு வருசம் பிந்தி வந்திருப்பனோ, உங்களை இஞ்ச கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமோ, ஒண்டும் கேக்கேல்லை. உங்களட்டையும் கேக்கேல்லை. தான் ஒரு ஆளா இருந்து எங்கள் மூண்டு பேருக்கும் முடிவெடுத்தவர்."

நீ தலையைக் குனிந்துகொண்டு இருந்தாய். "Undskyld" என்று டேனிஷில் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாய். பிறகு, "பிழைதான் மெலனி" என்று தமிழில் சொன்னாய். நான் எழும்பி அகழியைப் பார்க்கிற சாட்டில் நடந்துபோய்விட்டேன். திரும்பி வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் மேசையின் இரண்டு பக்கத்திலும் களைத்துப்போய் இருந்தீர்கள். அவள் எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "விட்ட இடத்திலயிருந்து தொடங்க எனக்கு ஏலாது அன்ரி. இவர் இஞ்ச வந்து வேலை எடுத்து, தனக்கெண்டு ஒரு அறை பிடிச்சு, தன்ரை விருப்பத்தில இருக்கட்டும். பிறகு பாப்பம்" என்றாள்.

இதைக் கேட்டால் ஊரில் ஆட்கள், இவ்வளவு பாடுபட்டும் பெண் சரி என்று சொல்லவில்லையா என்பார்கள். சொல்லவில்லைதான். இன்றுவரைக்கும் சொல்லவில்லை. நீ மாதக்கணக்காக விண்ணப்பம் போட்டு, பிரெஞ்சு படித்து, ஒரு வேலையும் ஒரு சின்ன அறையும் எடுத்திருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் உன்னைச் சந்திப்பாளாம். அவ்வளவுதான் உன் கையில் இருக்கிறது, அதை நம்பித்தான் போகிறாய். எனக்கு அந்தப் பிள்ளைமேல் மரியாதை கூடியிருக்கிறது. அழுத கண்ணோடு உடனே ஓம் என்று சொல்லியிருந்தால் நீ மறுபடியும் அவளுக்காகவும் எனக்காகவும் எதையாவது தனியே முடிவெடுத்திருப்பாய்.

புத்தி சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நல்ல மனதோடு செய்தாலும், மற்ற ஆளிடம் கேட்காமல் செய்யாதே. நீ விட்டுக்கொடுத்ததைச் சொல்லாமல் வைத்திருந்தால் அது பெருந்தன்மை என்று நினைத்தாய். ஆனால் அது உன் முகத்தில், நீ சாப்பிடுகிற விதத்தில், கதவைச் சாத்துகிற சத்தத்தில் தெரிந்துகொண்டேயிருந்தது. எனக்குக் காரணம்தான் தெரியவில்லை. அங்கே போன பிறகு மெலனியோடு சண்டை வரும், குளிரும் மழையும் வரும், பிரெஞ்சு வாயில் வராது. அப்போது அம்மா தனிய இருக்கிறாள் என்பதைத் திரும்பி வருகிறதுக்கு ஒரு சாட்டாக எடுக்காதே. திரும்பி வர ஆசையென்றால் ஆசை என்று சொல்லிக்கொண்டு வா. என் பெயரைச் சொல்லிக்கொண்டு வராதே.

என்னைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம் இருக்கிறது. நிலம் உறையத் தொடங்கிவிட்டது. சப்பாத்துக்கு ஆணி வைத்த பட்டி வாங்கிவிட்டேன். கொமூனவுக்கு, அதாவது நகரசபைக்கு, நானே அழைத்து, கழுத்தில் போடுகிற அவசர அழைப்புப் பொத்தானுக்குக் கேட்டேன். வந்து பார்த்த பெண், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். அந்தச் சொல்லைச் சொல்ல நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. பிறகு அன்று பின்னேரம் முழுக்க ஒன்றும் செய்யாமல் சோபாவில் இருந்தேன். அதுவும் நடந்தது. இரண்டும் உண்மை.

நீ தொலைபேசி எடுத்து "எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்கும்போதெல்லாம் நான் "சுகம்" என்றுதான் சொல்வேன். சில நாட்களில் அது பொய்யாக இருக்கும். குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டு, எனக்குச் சொல்லாமல் விமானம் ஏறி வந்து கதவைத் தட்டாதே. "வரட்டோ அம்மா?" என்று கேள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். போய் உன் வேலையைப் பார். வா என்றால், இரண்டாம் முறை யோசிக்காமல் வா. தேவை வந்தால் நான் வா என்று சொல்லுவேன், தம்பி. அதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை.

அம்மா
வைலே